வரைய வராத பிள்ளைகளும் உட்காரும் ஓவிய வகுப்பு: பின்வரிசையில் ஓராண்டு

ஒன்பதாம் வகுப்பு ஆய்வகம். வெங்காயத்தோலை உரித்து, கண்ணாடி வில்லையில் சுருக்கமில்லாமல் பரப்பி, அயோடின் ஒரு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். 22 வருஷமாக நான் நடத்தும் செய்முறை இது. பிள்ளைகள் என்ன வரைவார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். செங்கல் அடுக்கியது போல நேர்வரிசையில் செல்கள், ஒவ்வொன்றின் நட்டநடுவிலும் பொட்டு வைத்த மாதிரி ஒரு உட்கரு. அது புத்தகத்தில் இருக்கும் படம். நுண்ணோக்கியில் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, மீதி நேரமெல்லாம் புத்தகத்தைப் பார்த்தே ரெக்கார்டு நோட்டை முடித்துவிடுவார்கள். நானும் மார்க் போட்டுவிடுவேன்.

போன வருஷம் ஒரு மாணவி தாளோடு என் மேசைக்கு வந்தாள். "மிஸ், நிறைய செல்லுல உட்கரு ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கு. நாலு செல்லுல உட்கருவே தெரியலை. புத்தகத்துல அப்படி இல்லையே. நான் எதை வரையட்டும்?"

அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அவள் பார்த்தது முழுக்கச் சரி. முதிர்ந்த தாவர செல்லில் நுண்குமிழி என்ற நீர் நிறைந்த பை பெரிதாக வளர்ந்து உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். நுண்ணோக்கி ஒரு நேரத்தில் ஒரு ஆழத்தைத்தான் தெளிவாகக் காட்டும், வேறு ஆழத்தில் கிடக்கும் உட்கரு மங்கிப்போகும். இதை நான் வருஷாவருஷம் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு பிள்ளை தன் கண்ணால் கண்டுபிடித்துக்கொண்டு வந்து கேட்டது இல்லை. அவள் தாளின் ஒரு மூலையில், கன்னங்கரேல் என்று தடித்த விளிம்போடு ஒரு வட்டம் வேறு இருந்தது. அதற்கு நேராக அம்புக்குறி போட்டு "காற்றுக்குமிழி?" என்று எழுதியிருந்தாள். கேள்விக்குறியோடு.

எங்கள் பள்ளியில் ஓராண்டாக நடக்கும் ஓவிய வகுப்புதான் இதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன். வேறு பள்ளிகளில் இருக்கும் நண்பர்கள், எடுக்கலாமா, பலன் உண்டா, பாடம் கெட்டுப்போகாதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் உயிரியல் நடத்துகிறவள். ஒன்பதாம் வகுப்புக்குத் துணையாசிரியையாக அந்த ஓவிய வகுப்பில் ஆண்டு முழுக்கப் பின்வரிசையில் இருந்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஏற்பாடு இப்படி. வெளியிலிருந்து மூன்று ஓவியர்கள் வருகிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, வாரம் ஒரு நாள், இரண்டு பீரியடைச் சேர்த்து 80 நிமிஷம். வகுப்புக்கு 42 பிள்ளைகள். முதல் பருவம் பென்சிலும் கரியும், இரண்டாவதில் வண்ணம், மூன்றாவதில் களிமண்ணும் அச்சும். தொடங்கும் முன்பே அவர்கள் இரண்டு நிபந்தனை போட்டார்கள். வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும். ஆர்வம் உள்ளவர்கள், கைவாகு உள்ளவர்கள் என்று பொறுக்கி அனுப்பக் கூடாது. அடுத்தது, துணையாசிரியர் பேப்பர் திருத்திக்கொண்டு உட்காரக் கூடாது, அவரும் வரைய வேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைக் கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, நான் வரைந்த மரத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்துவிட்டு, "உனக்குக் கை வராது. இந்தப் பீரியட்ல நீ வாய்ப்பாடு எழுது" என்றார் ஓர் ஆசிரியர். அதன்பிறகு இரண்டு வருஷம், மற்றவர்கள் வரைய, நான் வாய்ப்பாடு எழுதினேன். அவர் கெட்டவர் இல்லை. வரைவது பிறவியிலேயே வர வேண்டியது என்று நிஜமாகவே நம்பினார். "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும். பேச்சையும் நடையையும் போலச் சித்திரத்தையும் பழக்கத்தால் வருவதாகத்தான் அந்தப் பாட்டு வைக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் அதை மட்டும் வரம் வாங்கி வந்த நாலைந்து பேருக்கு ஒதுக்கிவிடுகிறோம்.

பத்து வயது என்பதும் தற்செயல் இல்லை. குழந்தைகளின் படங்களைப் பல காலம் ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய நூலில் இந்த வயதைத் தனிக் கட்டமாகவே பிரித்திருக்கிறார். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு, பார்ப்பது போலவே தாளிலும் வர வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. கண் முன்னே போய்விடுகிறது, கை பின்தங்கி நிற்கிறது. தான் போட்ட படம் தனக்கே பிடிக்காமல் போகிறது. ஏராளமான பேர் பென்சிலைக் கீழே வைப்பது இந்த வயதில்தான். கை பிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய சமயத்தில் நாம் செய்வது, யாருக்கு வரும் யாருக்கு வராது என்று சலித்தெடுப்பது. என்னைச் சலித்தெடுத்தார்கள். நானும் பிறகு ஆசிரியையாகி, போட்டிக்கு அனுப்ப வகுப்பில் மூன்று பேரைக் கைகாட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வகுப்பில் ஓவிய ஆசிரியர் எல்லோருடைய ரப்பரையும் ஒரு டப்பாவில் வாங்கிப் பூட்டி வைத்தார். இடது கையை மேசையில் வையுங்கள், அதன் ஓரத்தைக் கண்ணால் தொட்டுக்கொண்டே போங்கள், கண் எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் பென்சில் போகட்டும், தாளை மட்டும் பார்க்கக் கூடாது, பத்து நிமிஷம். அவ்வளவுதான் பாடம். இடது கையால் எழுதும் பிள்ளைகள் வலது கையை வைத்துக்கொண்டார்கள். நாலாவது நிமிஷத்தில் வகுப்பில் ஒரு அமைதி வந்தது. 22 வருஷத்தில் நான் வாங்கிய எந்த அமைதியும் அதுபோல இல்லை, என்னுடையதெல்லாம் அதட்டி வாங்கியது. பத்து நிமிஷம் கழித்துத் தாளைப் பார்த்தால் கை மாதிரியே இல்லை, சிக்கிய நூல்கண்டு போலக் கிடந்தது. நன்றாக வரைபவன் என்று பெயர் வாங்கிய பையனுடையதும் அப்படித்தான், என்னுடையதும் அப்படித்தான். ஆனால் என் கட்டைவிரல் மூட்டில் மூன்று மடிப்பு இருக்கிறது, நடுமடிப்பு மட்டும் இரண்டாகக் கிளைக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எலும்பு மூட்டைப் பற்றி நூறு முறை பாடம் எடுத்திருக்கிறேன்.

அடுத்தடுத்த வாரங்களில் நாற்காலியை வரையச் சொல்லாமல், நாற்காலிக் கால்களுக்கு நடுவே தெரியும் காலி இடங்களின் வடிவத்தை மட்டும் வரையச் சொன்னார். நாற்காலி எப்படி இருக்கும் என்பது நம் மண்டையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, கை அதைத்தான் போடும். காலி இடத்துக்கு மண்டையில் படம் கிடையாது, அதனால் பார்த்தே தீர வேண்டும். வெங்காயத்தோலில் என் பிள்ளைகள் செய்துகொண்டிருந்த தப்பு இதேதான் என்று அந்த வகுப்பில் எனக்குப் பொறி தட்டியது. அவர்கள் மண்டையில் இருந்த செல்லை வரைந்தார்கள்.

ஒளியும் நிழலும் பற்றிய வகுப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜன்னலைச் சாத்திவிட்டு, கசக்கிய வெள்ளைத்தாளை மேசையில் வைத்து, ஒரே பக்கமிருந்து ஒரு விளக்கு. கரியால் தாள் முழுக்கச் சாம்பல் பூசிக்கொண்டு, வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் துடைத்து எடுக்க வேண்டும். அதற்காக மட்டும் ரப்பர் டப்பா திறந்தது. நிழலுக்குள்ளே தனியாக ஒரு வெள்ளைப்புள்ளி தெரிந்தால், அங்கே ஒரு மடிப்பு மேலே துருத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்ட பிறகு, ஆசிரியர் 1609ஆம் வருஷத்துக்குப் போனார். அந்த வருஷம் இங்கிலாந்தில் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்துப் படம் போட்டார். சில மாதம் கழித்து இத்தாலியில் கலிலியோவும் பார்த்துப் போட்டார். ஹாரியட் படத்தில் இருளுக்கும் ஒளிக்கும் நடுவே ஒரு நெளிந்த கோடு இருக்கிறது. கலிலியோ இருண்ட பக்கத்துக்குள் தெரிந்த ஒளிப்புள்ளிகளைப் பார்த்து, அவை சூரிய வெளிச்சம் முதலில் படும் மலை உச்சிகள் என்று சொன்னார். கலிலியோ ஓவியம் பயின்றவர், பின்னால் 1613இல் ஃப்ளோரன்ஸ் நகரத்தின் ஓவியக் கழகத்தில் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். நிழல் போடத் தெரிந்த கண் என்பதால்தான் அவருக்கு மலை தெரிந்தது என்று கலை வரலாற்றாளர்கள் சிலர் விளக்குகிறார்கள். கசக்கிய தாளின் முன் உட்கார்ந்து இதைக் கேட்டபோது வகுப்பில் ஒருவரும் அசையவில்லை.

உயிரியலிலும் இப்படி ஒரு கதை உண்டு, என் பங்குக்கு நான் மறுநாள் சொன்னேன். நரம்புத் திசுவுக்குச் சாயமேற்றும் முறையைக் கண்டுபிடித்தவர் கமில்லோ கோல்கி, பாடத்தில் கோல்கி உறுப்பு என்று வருகிறதே, அவரேதான். அதே சாய முறையைப் பயன்படுத்திப் பார்த்தவர் ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ கஹால். இவர் சிறு வயதில் ஓவியராக விரும்பியவர், அப்பாவின் வற்புறுத்தலால் மருத்துவம் படித்தார். கோல்கி, மூளை முழுக்க ஒன்றோடொன்று இணைந்த ஒரே வலை என்றார். கஹால் பல்லாயிரம் மணி நேரம் பார்த்துப் பார்த்து வரைந்து, ஒவ்வொரு நரம்பு செல்லும் தனித்தனி, நடுவே தொடர்பு அறுபடுகிறது என்றார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கொடுத்தார்கள். கஹால் சொன்னதுதான் நின்றது. ஓவியம் தெரிந்ததால் மட்டுமே கண்டுபிடித்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போட்ட படங்கள் இன்றைக்கும் நரம்பியல் பாடநூல்களில் அச்சாகின்றன. அந்தப் படங்களை ஒரு முறை பார்த்தால், ஒரு மனிதர் எவ்வளவு பொறுமையாக உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது விளங்கும்.

இப்போது நான் எழுத வந்ததிலேயே எனக்கு முக்கியமான விஷயம். இதை அந்தப் பையனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாம் பருவத்தில் வண்ணம் தொடங்கியது. கலர் பென்சிலில் பெயர் அச்சிட்டிருக்கும், போஸ்டர் கலரை மூடியில் ஊற்றி வைத்தால் அதில் ஒரு பெயரும் இருக்காது. முன்னால் வைத்த செடியைப் பார்த்து வரையச் சொன்னார்கள். மூன்றாவது பெஞ்சுப் பையன் இலைகளைப் பழுப்பாகப் பூசினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓவிய ஆசிரியர் சிரித்தவர்களை அதட்டவும் இல்லை, இவனைத் திருத்தவும் இல்லை. வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாக வைத்துக்கொண்டு, ஏழு மூடிகளைக் கலைத்து வைத்து, "வெளிர்ல இருந்து அடர்த்தி வரைக்கும் வரிசையா அடுக்கு, பேர் எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார். அவன் தயங்காமல் அடுக்கினான். சரியாக இருந்தது. நான் முயன்றபோது சிவப்பும் பச்சையும் எனக்குக் குழப்பின. நிறம் கண்ணை இழுத்துவிடுவதால் அதன் அடர்த்தி எனக்குப் பிடிபடவில்லை.

ஆசிரியர் என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பு சில்லிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் இதே வகுப்பில் நிறக்குருடு பற்றிப் பாடம் நடத்தியிருந்தேன். எக்ஸ் குரோமோசோம், அம்மா வழியாக மகனுக்கு வருவது, பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு மூன்று தலைமுறைப் படம், எல்லாம் கரும்பலகையில். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு இது உண்டு என்றும், மற்ற மக்களில் பொதுவாக இதைவிடக் குறைவாக இருக்கும் என்றும் சொல்லியிருந்தேன். அப்படியானால் இருபது பையன்கள் உட்கார்ந்திருக்கும் என் வகுப்பிலேயே ஒருவன் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவனும் அந்தப் பாடத்தில் முழு மார்க் வாங்கியிருந்தான், தன்னைப் பற்றித்தான் படிக்கிறோம் என்று தெரியாமலே.

கண் மருத்துவரிடம் போனார்கள். ஷினோபு இஷிஹாரா 1917இல் வெளியிட்ட அதே புள்ளிப்பட அட்டைகள். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாத வகை என்று உறுதியானது. மறுநாள் பள்ளிக்கு வந்த அவன் அம்மா, "எங்க அப்பாவுக்கும் துணி நிறம் சொன்னா குழப்பம்தான் டீச்சர். வயசானதால இருக்கும்னு நெனச்சிட்டோம்" என்றார். தாய்வழித் தாத்தா. கரும்பலகையில் நான் போட்ட வட்டம் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் பேசியது போல இருந்தது. வேதியியல் ஆய்வகத்தில் நிறமாற்றத்தைத் தப்பாக எழுதியதற்காக அவனுக்கு இரண்டு வருஷமாகத் திட்டு விழுந்துகொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

அந்தப் பருவம் முழுக்க அவனுக்கு ஓவிய ஆசிரியர் கருப்பு, வெள்ளை, இரண்டுக்கும் நடுவே கலந்துகொண்ட ஒன்பது சாம்பல் என்று ஒரு தட்டு கொடுத்தார். பிறகு அவனே மூடிகளில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டு நிறத்துக்குத் திரும்பினான், நிறத்தை அடர்த்தியால் தேர்ந்தெடுத்தான். சிரித்தவர்களே அவனிடம் வந்து, என் படத்தில் நிழல் சரியா இருக்கா என்று கேட்க ஆரம்பித்தார்கள். இந்தப் பையன் ஓவிய ஆர்வம் உள்ளவர்கள் பட்டியலில் ஒருநாளும் வந்திருக்க மாட்டான். விருப்பமிருந்தால் சேரலாம் என்று வைத்திருந்தால் முதலில் ஒதுங்கியிருப்பவன் அவன்தான்.

சரி, மார்க் கூடியதா? தலைமையாசிரியை கேட்ட முதல் கேள்வி அது. பெற்றோர் கேட்பதும் அதுதான். இந்த ஓராண்டைக் காட்டி மார்க் கூடியது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, குறைந்ததாகவும் தெரியவில்லை. எங்கள் ஓவியக் குழுவின் பிரசுரத்தில் "கணிதத் திறன் வளரும்" என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற இரு ஆய்வாளர்கள், கலையால் பாட மதிப்பெண் கூடுகிறது என்று சொன்ன ஆய்வுகளை எல்லாம் திரட்டிச் சலித்துப் பார்த்து 2000இல் முடிவு வெளியிட்டார்கள். நாடகத்தால் மொழித்திறன் வளர்வது போன்ற ஒரு சில இடங்களில்தான் காரணத் தொடர்பு தேறியது, படம் வரைந்தால் கணக்கு வரும் என்பதற்குத் தேறவில்லை. கலைக்கு ஆதரவானவர்களே நேர்மையாக இதைச் சொன்னார்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை.

அதற்காகப் பலனே இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 42 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 10,548 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. கலை கூடுதலாகக் கிடைத்த பள்ளிகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான பிள்ளைகளின் விகிதம் 3.6 சதவீதப் புள்ளி குறைந்தது, எழுத்துத் தேர்வில் முன்னேற்றம் இருந்தது, மற்றவர் மேல் இரக்கம் கொஞ்சம் கூடியது. என் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வு. முதலாண்டு மருத்துவ மாணவர்கள் 36 பேரில் பாதிப் பேரை ஓவிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், ஒன்றரை மணி நேரம் வீதம் ஆறு முறை, படங்களை உற்றுப் பார்த்து விவரிக்கப் பழக்கினார்கள். கண் நோய்களின் புகைப்படங்களையும் விழித்திரைப் படங்களையும் விவரிப்பதில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 2016இல் செய்ததோ எந்த ஆசிரியரும் நாளைக்கே வகுப்பில் பயன்படுத்தலாம். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட, அதைப் படமாகப் போட்டவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பது பொருட்டாகவே இல்லை. நான் இப்போதெல்லாம் இதயம் பாடத்துக்கு முந்தைய நாள் புத்தகத்தை மூடச் சொல்லி, ரத்தம் போகும் வழியை ஒவ்வொருவரையும் வரைய வைக்கிறேன். எங்கே தெரியவில்லை என்பது கோடு நிற்கும் இடத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.

ஆனாலும் தலைமையாசிரியையிடம் நான் சொன்னது வேறு. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு, அதனால் கணக்கு வருமா என்று நாம் யாரையும் கேட்பதில்லை. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, கலையிலும் பண்பாட்டிலும் பங்குகொள்ளும் உரிமையைக் குழந்தைக்கு என்று பொதுவாகத்தான் சொல்கிறது. திறமையுள்ள குழந்தைக்கு என்று அதில் இல்லை. அவர் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கும் கையெழுத்துப் போட்டார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இருக்கின்றன. 42 பேருக்கு ஓர் ஆசிரியர் போதாது. கடைசி வரிசைக்கு அவர் வந்து சேரும்போது மணி அடித்துவிடுகிறது, ஆண்டு முழுக்க அவர் கையால் ஒரு தரம்கூடத் திருத்தம் பெறாத பிள்ளைகள் ஆறேழு பேர் இருந்தார்கள். இருபது இருபதாகப் பிரித்து இரண்டு பேரை அனுப்பினால்தான் சரிவரும். களிமண்ணுக்கு ஐந்து வாரம் மட்டும் ஒதுக்கியது அநியாயம். பென்சில் பிடிக்க மறுத்த பிள்ளைகளில் சிலர் களிமண்ணில்தான் உயிர் பெற்றார்கள், கை சூடேறும் முன்பே முடிந்துவிட்டது. காய்ந்த களிமண் தூளைத் துடைப்பத்தால் பெருக்கினார்கள், அதை நான் கண்டித்தேன். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கும், மூச்சில் போகக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். இரண்டு வாரம் சொல்லித்தான் மாற்றிக்கொண்டார்கள். பெரிய ஓவியர்களின் படங்களைக் காட்டிப் பேசும் நேரம் மிகக் குறைவு, மாதம் ஒரு வகுப்பாவது அதற்கு வேண்டும். எங்கள் பள்ளியின் பக்கமும் தப்பு உண்டு. பரீட்சை நெருங்கியதும் ஒன்பதாம் வகுப்பின் நாலு வாரத்தைக் கணக்குக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த நாலு வாரமும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "இன்னிக்கும் இல்லையா மிஸ்" என்று கேட்டார்கள். பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

செலவைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: விலையுயர்ந்த சாமான் எதுவும் தேவைப்படவில்லை. அச்சிடாத நியூஸ்பிரிண்ட் தாள், 4பி பென்சில், கரிக்குச்சி, ஆறு நிறம், தட்டையான பிரஷ் ஒன்று, உருண்டைப் பிரஷ் ஒன்று. பணத்தைவிட முக்கியமானது பக்கத்தில் ஒரு குழாயும், ஈரத்தாளைக் காயவைக்க ஒரு கொடியும். இவை இல்லாமல் வண்ணப் பருவத்தைத் தொடங்காதீர்கள். தனித்தனியாக இரண்டு 40 நிமிஷம் கொடுத்தால் பிரித்து எடுத்து வைப்பதிலேயே பாதி போய்விடும், சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். கோப்பையும் சான்றிதழும் வாங்கிக் கொடுக்கும் வகுப்பு வேண்டும் என்றால் இவர்கள் சரிப்பட மாட்டார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர்களோடு எனக்குச் சண்டையே வந்தது. ஆண்டு இறுதிக் கண்காட்சிக்கு முப்பது படங்களைத் தேர்ந்தெடுத்து மாட்டினார்கள். எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டவர்கள், கடைசி நாளில் சலித்தெடுத்தார்கள். இடம் இல்லை, பெற்றோர் நல்லதைத்தான் பார்க்க விரும்புவார்கள் என்றார்கள். வெங்காயத்தோல் மாணவியின் படம் அதில் இல்லை. அவள் அப்பா வந்து மூன்று முறை சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, மறுநாளே அவர்களிடம் பேசினேன். ஓவிய ஆசிரியர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தப்புதான் டீச்சர்" என்றார்.

இந்த வருஷத்துக்கு இப்போதே திட்டம் போட்டாகிவிட்டது. பிள்ளைக்கு ஒரு படம், எது என்று அந்தப் பிள்ளையே சொல்ல வேண்டும். நாலு வகுப்பு, 168 படம். ஒரு தாளுக்கு இடைவெளியோடு 25 சென்டிமீட்டர், மேலும் கீழுமாக இரண்டு வரிசை, ஆக 21 மீட்டர் சுவர் வேண்டும். சுவர் இருந்தால்தானே சித்திரம். மூன்றாவது பெஞ்சுப் பையன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்தாழ்வாரத்தை அளந்தோம். 16 மீட்டர்தான் வந்தது. மீதி ஐந்துக்கு மாடிப்படிச் சுவரைக் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஆணி அடிக்க வேண்டாம், கொடி கட்டி கிளிப் போடலாம் என்பது அவன் யோசனை. என்னுடையதையும் சேர்த்தால் 169 ஆகும் என்றும் அவன்தான் சொன்னான். கட்டைவிரல் மூட்டை மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன்.